வெயில் பட்ட தண்ணீர்

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் கேன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கணவரும் கொழுந்தனும் வண்டியில் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போடுவார்கள். போன் எடுப்பது, யாருக்கு எத்தனை என்று சொல்லி அனுப்புவது, கடையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அவளுடைய தாய்மாமா கேட்க, யாரோ ஒருவர் "மாப்பிள்ளை தண்ணி வண்டி" என்று சொல்லிவிட, மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே விட்டார். விஷயத்தைச் சொல்லி அவரை உட்கார வைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அந்த வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வியாபாரத்தில் அவளுக்கென்றே ஒரு வேலை இருந்தது. வீடுகளிலிருந்து திரும்பி வரும் காலிக் கேன்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பாள். காலிக் கேன் காலியாகத்தான் வரும் என்று மற்றவர்கள் நினைக்கலாம். ஒருவர் அதில் ஒரு வாரம் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருப்பார். பெயின்ட் அடிப்பவர் தின்னர் வைத்திருப்பார். இன்னொரு வீட்டில் தரை துடைக்கும் மருந்து. நிரப்பும் கம்பெனியில் கழுவத்தான் செய்வார்கள் என்றாலும் பிளாஸ்டிக்கில் ஏறிய வாசனை லேசில் போகாது. அவள் வாய்ப்பக்கம் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பாள். சரியென்றால் வலது பக்கம், இல்லையென்றால் இடது பக்கம். இடது பக்கம் போன கேன் மறுபடி யார் வாய்க்கும் போகாது.

"அண்ணி மூக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கணும்," என்பான் கொழுந்தன். அவனுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். அவன் மூக்கு கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தான் உதவும் என்பது அவன் அண்ணனின் கருத்து.

இப்படி இருக்கும்போது அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், வந்தது போல் போய்விட்டது. போகும்போது வாசனையைக் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் அவளுக்கு அது தெரியவே இல்லை. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகையாகி, கல்லூரியிலிருந்து வந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து அடுப்பை அணைத்தபோது, இவள் பக்கத்திலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர், நரம்பு களைத்துப் போயிருக்கிறது என்றார். சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு வருஷமாகும், சிலருக்கு வராமலே போய்விடும் என்றும் மறைக்காமல் சொன்னார். எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள், சோப்பு, இந்த நாலையும் காலையிலும் மாலையிலும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். வாசனை வராவிட்டாலும், அது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே முகர வேண்டுமாம். அவள் நாலு சின்ன டப்பாக்களைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். முகர்ந்து பார்த்தாள். காற்று மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது.

வாசனை போனால் இவ்வளவு போகும் என்று அவள் நினைத்ததே இல்லை. சாப்பாடு வாயில் சூடாகவும் ஆறியும் இருந்ததே தவிர, வேறொன்றுமாக இருக்கவில்லை. துவைத்த துணி எது துவைக்காதது எது என்று தெரியவில்லை. தன் மேல் வேர்வை நாற்றம் அடிக்கிறதோ என்ற பயம் வந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தாள். வெளியே கிளம்பும் முன் மகளைக் கூப்பிட்டுக் கேட்பாள்.

"அம்மா, நீ நாறல. சத்தியமா நாறல. சோப்புக் கடை மாதிரி இருக்க, போயிட்டு வா," என்பாள் மகள்.

மகள் தலை சீவிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காரும்போது, பழைய பழக்கத்தில் அந்தத் தலையில் மூக்கை வைப்பாள். ஒன்றும் இருக்காது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காலிக் கேன்களை முகரும் வேலை கொழுந்தனுக்குப் போனது. அவனும் பாவம், தினமும் ஒழுங்காக முகர்ந்தான். எல்லாக் கேனும் வலது பக்கமே போயின.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் இடம் மாற வேண்டியதாயிற்று. பழைய கிடங்கின் சொந்தக்காரர் தன் மகனுக்குக் கடை வைத்துக் கொடுக்கப் போவதாகச் சொல்லி இடத்தைக் கேட்டார். அலைந்து திரிந்து அதே தெருவின் கடைசியில் ஒரு இடம் பிடித்தார்கள். ஒரு அறையும் முன்னால் சிமென்ட் போட்ட முற்றமும். கம்பெனி லாரி வாரத்துக்கு ஒரு தடவை வந்து சரக்கு இறக்கும். பாதி அறைக்குள் அடங்கியது. மீதிக் கேன்களையும் சின்ன பாட்டில் கட்டுகளையும் முற்றத்துச் சுவரோரம் அடுக்கினார்கள்.

முதலில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஒரே காற்றில் அது கிழிந்து பக்கத்து மாடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு கணவர் கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் சுருள் ஒன்று வாங்கிவந்து கயிறு கட்டி இறுக்கினார். தூசி படாது, மழை படாது, வேறென்ன வேண்டும் என்று மூவருமே நினைத்தார்கள். கூரை போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் கணவர். அடுத்த மாதமும் அதையே சொன்னார்.

மதியத்துக்கு மேல் முற்றம் முழுக்க வெயில்தான். அந்த நேரத்தில் வெயில் நீலக் கேன்களுக்குள் புகுந்து எதிர்ச் சுவரில் நீலமாக ஆடும். அவள் அறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்திருப்பாள். நாக்குக்கு ஒன்றும் இல்லாமல் போன நாட்களில் கண்ணுக்காவது அது கிடைத்ததே என்றிருந்தது. புதிதாக இறங்கும் சரக்கு முன்னால் நின்றது, அதுவே முதலில் வண்டி ஏறியது. பழையது பின்னால் சுவரோரம் வெயில் குடித்துக்கொண்டு நின்றது. அதை எடுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. முன்னால் தீர்ந்துபோனால் மட்டும் பின்னாலிருந்து உருவினார்கள்.

கோடை ஏற ஏறத் தண்ணீர் வியாபாரம் ஏற வேண்டும். அவர்களுக்கு இறங்கியது. சலூன்காரர் போன் செய்வதை நிறுத்தினார். பல் டாக்டரின் கிளினிக், இனி வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. தையற்கடையில் வேறொருவரின் கேன் உட்கார்ந்திருப்பதைக் கொழுந்தன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். புதிதாக ஒருத்தன் விலை குறைத்துப் போடுகிறானாம், அதுதான் காரணம் என்று கணவர் முடிவு கட்டினார். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மூணாவது மாடி மேடம் மட்டும் போகவில்லை. புகார் செய்தார்.

அவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார், அதனால் மூணாவது மாடி மேடம். பாடப்புத்தகங்கள் அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது அவர் தொழில். வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். பிழை கண்டுபிடித்தே பழகிய கண் அது. கேன் மூடி இறுக்கமாக இருந்தால் போன் செய்வார், தளர்ந்திருந்தாலும் போன் செய்வார். கொழுந்தன் அழைப்பு மணியை ஒரு தடவைக்கு மேல் அழுத்தினால் அதற்கும் ஒரு போன் வரும். அவர் எண் திரையில் தெரிந்தாலே அண்ணன் தம்பியிடம் தள்ளுவார், தம்பி அண்ணியிடம் தள்ளுவான்.

இந்தத் தடவை, தண்ணீரில் பிளாஸ்டிக் வாசனை வருகிறது என்றார். வேறு கேன் அனுப்பினார்கள். அதிலும் அதே வாசனை என்று மறுபடி போன். கணவர் அதே அடுக்கிலிருந்து ஒரு கேனைத் திறந்து ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தினமும் அதையே குடித்துக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்? கொழுந்தன் முகர்ந்துவிட்டு நல்லாத்தானே இருக்கு என்று சொல்லி, இன்னொரு கேனைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அவள் மனம் நோகும் என்றும் தெரியும்.

மறுநாள் மதியம், இருவரும் வண்டியோடு வெளியே போயிருந்த நேரத்தில், மேடமே கடைக்கு வந்துவிட்டார். ஒரு கையில் குடை, மறு கையில் மூடி போட்ட கண்ணாடி ஜாடி. ஜாடியில் தண்ணீர். அவள் எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை.

"ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் கேனை மாத்தினீங்க, தண்ணிய மாத்தல," என்றார். "இத முகர்ந்து பாருங்க."

அவள் ஜாடியை வாங்கி மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையே மேடம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த அம்மாள் வெயிலில் நடந்து வந்து வேர்த்துப்போய் நின்ற விதத்தைப் பார்த்தபோது அவளுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு வாசனை தெரியாது மேடம். காய்ச்சல் வந்ததுலேர்ந்து மூக்கு செத்துப் போச்சு," என்றாள்.

வெளி ஆள் ஒருவரிடம் அவள் இதைச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடம் ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. அப்போதுதான் அவர் பார்வை முற்றத்துப் பக்கம் போனது. பிளாஸ்டிக் விரிப்பும் அதற்கடியில் பளபளவென்று நின்ற கேன்களும் கண்ணில் பட்டன.

"மூக்கு இல்லன்னா என்ன, கண்ணு இருக்குல்ல. வாங்க, பாக்கலாம்," என்றார்.

இருவரும் சேர்ந்து கயிற்றை அவிழ்த்து விரிப்பைத் தூக்கினார்கள். உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. சுவரோரம் நின்ற கேனில் அவள் கை வைத்தாள், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து ஒன்றை வெளியே இழுத்தாள். வெயில் பார்த்த பக்கத்தில், கழுத்துக்குக் கீழே, மெல்லிய பச்சை. விரலால் தேய்த்தாள். போகவில்லை. அது உள்பக்கம் இருந்தது. அடுத்த கேனிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை, ஆனால் அதற்குப் பின்னால் நின்றதில் இருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ பேர் வீட்டு எண்ணெய்க் கேனை இடது பக்கம் தள்ளியவள் அவள். தன் முற்றத்தில் பாசி பிடித்த தண்ணீர் நின்றுகொண்டிருந்தது அவளுக்கே தெரியவில்லை.

மேடம் குடையை விரித்து அவளுக்கும் சேர்த்துப் பிடித்தார். "எனக்கு இதைப்பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. நாறுச்சு, சொன்னேன், அவ்வளவுதான்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்தவங்க மாதிரி நானும் வேற ஆள்கிட்ட வாங்கியிருப்பேன். ஆனா உங்க பழைய கடை வழியா போறப்ப ஒரு நாள் உங்களைப் பாத்தேன். ஒவ்வொரு கேனா மோந்து பாத்துக்கிட்டிருந்தீங்க. யாரும் பாக்காதப்பவும் அப்படிப் பாக்கிறவங்க, தெரிஞ்சே இப்படி அனுப்ப மாட்டாங்க. என்னமோ ஆயிருக்குன்னு தோணிச்சு," என்றார்.

தன் வேலையை ஒருவர் பார்த்திருக்கிறார் என்பதே அவளுக்குப் புதிய செய்தி.

மேடம் போனதும் அவள் தண்ணீர் நிரப்பும் கம்பெனிக்குப் போன் செய்தாள். அங்கே பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் பேசினாள். கேனெல்லாம் முற்றத்தில் வெயிலில் நிற்கிறது என்று இவள் சொன்னதும், எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், நான் வருகிறேன் என்றாள். மறுநாள் லாரியிலேயே ஏறி நேரில் வந்துவிட்டாள். சின்னச் சின்னக் குப்பிகளில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, நடந்தது என்ன என்று மூவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

ஒரு நாள் வெயில் பட்டதும் தண்ணீர் விஷமாகிவிடாது, பயப்பட வேண்டாம் என்று ஆரம்பித்தாள். ஆனால் பிளாஸ்டிக் சூடு ஏற ஏற, அதில் இருக்கும் சிலது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். எவ்வளவு சூடு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து அது கூடும். அந்த வாசனையும் ருசி மாறுவதும் அதற்கு அடையாளம். இன்னொன்று வெளிச்சம். எவ்வளவு சுத்தமாக நிரப்பினாலும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு துளி உயிர் தங்கியிருக்கலாம், முக்கியமாகத் திரும்பத் திரும்ப நிரப்பும் கேன்களில். இருட்டில் அது சும்மா கிடக்கும். வெளிச்சமும் சூடும் கிடைத்தால் பாசியாக வளரும். அதனால்தான் கேன் மேலேயே 'நிழலில் வைக்கவும்' என்று அச்சடித்திருக்கிறோம் என்றாள். மூவரும் பக்கத்திலிருந்த கேனைத் திருப்பிப் பார்த்தார்கள். அச்சடித்துத்தான் இருந்தது. இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்ததில் ஒருவரும் படித்ததில்லை.

"வெயில்ல வச்சா கிருமி செத்துடும்னு சொல்வாங்களே," என்று கொழுந்தன் கேட்டான்.

அது வேறு விஷயம் என்றாள் அந்தப் பெண். குடிக்க வேறு வழியே இல்லாத இடத்தில், சின்னதாக, நிறமில்லாத பாட்டிலில் தெளிந்த தண்ணீரை ஒரு நாள் நல்ல வெயிலில் வைத்து எடுப்பார்கள். அதில் கிருமி சாகும். ஏற்கெனவே சுத்தம் செய்து மூடிய தண்ணீரைக் கேன் கேனாக வாரக்கணக்கில் வெயிலில் போடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினாள். கிளம்பும்போது, முற்றத்தில் இருக்கும் எதையும் இனி யாருக்கும் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கணவர் வண்டிப் படியில் போய் உட்கார்ந்தார். நஷ்டம் அவரை உறுத்தியது, ஆனால் அவர் சொன்னது அதைப் பற்றியல்ல. வாடிக்கையாளர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் அவர் கவலை. சத்தமில்லாமல் சரக்கை மாற்றிவிடலாம், இனிமேல் கவனமாக இருந்தால் போதாதா என்றார். அவள், எல்லாருக்கும் போன் செய்து சொல்ல வேண்டும், வீட்டில் நிற்கும் கேன்களைத் திரும்ப வாங்க வேண்டும் என்றாள்.

"நம்ம வாயாலயே நம்ம தண்ணி சரியில்லன்னு சொல்றதா?"

"நம்ம வாயால சொன்னா மன்னிப்பாங்க. அவங்க வாயில பட்டுத் தெரிஞ்சுக்கிட்டா மன்னிப்பாங்களா?"

அவர் எழுந்து போய் முற்றத்துக் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். அவர் ஒத்துக்கொள்வது எப்போதும் அப்படித்தான்.

அவ்வளவு தண்ணீரையும் சாக்கடையில் ஊற்ற யாருக்கும் மனசு வரவில்லை. குடிக்கத்தான் ஆகாது, கழுவ ஆகும். கொழுந்தன் தெருவில் இறங்கிச் சொல்லிவிட்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் வாளிகளோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். கார் கழுவுகிறவர் இரண்டு டிரம்மோடு வந்தார். எதிர் வீட்டில் மாடிப்படி கழுவினார்கள். ஸ்கூட்டர்கள் வரிசையாக வந்து நின்றன. எதற்கு இது என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் அவள் காரணத்தை மறைக்காமல் சொன்னாள். முதல் இரண்டு பேரிடம் சொல்லும்போதுதான் நாக்கு தடுமாறியது.

"தெருவே மினரல் வாட்டர்ல குளிக்குது," என்றார் கணவர். காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. அதைக் கேட்டதும் அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது போலிருந்தது.

அவள் சுவரோரத்துக் கேன்களைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இருப்பதிலேயே பழைய சரக்கு அதுதான். ஒரு மூடியைப் பிய்த்துக் கேனைச் சாய்த்தாள். தண்ணீர் குபுக் குபுக்கென்று வாளியில் விழுந்தது, கூடவே வெந்த காற்று முகத்தில் ஏறியது. அவள் நின்றுவிட்டாள்.

ஏதோ ஒன்று மூக்கின் உள்ளே, மிகத் தொலைவில், தொட்டுவிட்டுப் போனது.

மனப்பிரமை என்று நினைத்தாள். இப்படி முன்பும் ஏமாந்திருக்கிறாள். வாளிக்காரரைப் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த கேனைத் திறந்து, வாய்ப்பக்கம் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். இருந்தது. வெயிலில் விட்ட பிளாஸ்டிக் செருப்பின் நாற்றம். அதற்கடியில், வெகுநாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம். மங்கலாக, திரைக்குப் பின்னால் நிற்பதுபோல், ஆனால் இருந்தது. இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் இருந்தது. அவள் கேன் கேனாக முகர்ந்துகொண்டே போனாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

சரக்கு வீணாகிறதே என்று அழுகிறாள் என்று நினைத்துக் கணவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். போனா போகுது, விடு, நமக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, அதுவே பெரிசு என்று தோளைப் பிடித்தார்.

"நாறுதுங்க," என்றாள் அவள்.

"என்னது?"

"நாறுதுங்க. தண்ணி நாறுது. எனக்குத் தெரியுது."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு அங்கிருந்த கேனை எடுத்து அவள் மூக்கருகே நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். இன்னொன்றை நீட்டினார். அதற்கும் ஆட்டினாள். கொழுந்தனும் வந்து சேர்ந்துகொண்டான். நாற்றமடிக்கும் கேன்களை அண்ணனும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டு நீட்ட, அவள் அழுதுகொண்டே ஒவ்வொன்றையும் நாறுது நாறுது என்று சொல்ல, வாளியோடு நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கார் கழுவுகிறவர் மட்டும், நல்ல விஷயம் போலிருக்கு என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் நாலு டப்பாக்களையும் திறந்து பார்த்தாள். கிராம்பு இல்லை, எலுமிச்சை இல்லை. காப்பித்தூள் மட்டும் கருகின மாதிரி ஏதோ காட்டியது. அது போதும் என்றிருந்தது அவளுக்கு. போனில் கேட்டபோது டாக்டரும் இப்படித்தான் துண்டு துண்டாக வரும், அவசரப்பட வேண்டாம் என்றார்.

பிறகு அவள் போனை எடுத்து உட்கார்ந்தாள். விட்டுப் போனவர்களிலிருந்து ஆரம்பித்தாள். நடந்ததைச் சொல்லி, எங்கள் தவறுதான், கேன் இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், மறுபடி வாங்க வேண்டுமென்று கேட்கவில்லை, உடம்புக்கு ஏதாவது செய்ததா என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். யாருக்கும் எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"வாசனை எனக்கும் தெரிஞ்சுதுக்கா," என்றார் சலூன்காரர். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு சங்கடமா இருந்துச்சு. அதான் பேசாம இருந்துட்டேன்." தையற்கடையிலும் கிட்டத்தட்ட இதே பதில்தான். சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று நினைத்தோம் என்றார்கள். எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்களாக இருந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் நகர்ந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள். ஆனால் அந்த நாளில் போனை வைக்க வைக்க, மூணாவது மாடி மேடத்தின் முகம்தான் மனதில் வந்துகொண்டிருந்தது.

பரிசோதனை முடிவு வந்தது. பச்சை பிடித்த கேன்கள் குடிக்கத் தகுதியில்லாதவை. மற்றவற்றில் வாசனையும் ருசியும் கெட்டிருந்ததே தவிரப் பெரிய ஆபத்து எதுவுமில்லை. இன்னும் சில வாரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண். பாசி பிடித்த கேன்களை நொறுக்கிவிடச் சொன்னாள். கணவர் தகரக் கூரை போட ஆள் கூட்டிவந்தார். இனி அறைக்குள் அடங்குகிற அளவு சரக்குதான், லாரி வாரத்துக்கு இரண்டு தடவை வரும், முதலில் வந்தது முதலில் போகும் என்று முடிவானது. பால்கனியில் கேன் வைக்கிறவர்களைப் பார்த்தால் கொழுந்தனே உரிமையோடு தூக்கி உள்ளே வைத்துவிட்டு, ஏன் என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டு வந்தான். சலூன்காரர் திரும்பி வந்தார். பல் டாக்டர் வரவில்லை. அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டார்கள்.

கூரை போட்டு முடித்த அன்று அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனாள். கொழுந்தன் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு, மேடம் எதையாவது கேட்பதற்குள் மறைந்துவிட்டான்.

மேடம் கதவைத் திறந்தார். மேசை மேல் அச்சுத்தாள்கள் பரப்பியிருந்தன, எங்கு பார்த்தாலும் சிவப்புக் கோடுகள். என்ன விஷயம், கேன்தான் வந்துவிட்டதே என்றார்.

"நன்றி சொல்லணும்னு வந்தேன் மேடம்," என்றாள் அவள். சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துவிட்டது. நீங்கள் சொல்லாமல் போயிருந்தால் என்று ஆரம்பித்து, எத்தனை வீட்டுக் குழந்தைகள் என்று இழுத்து, என் மூக்கு என்று தாவி, நடுவில் அழுகையும் வந்து, கோர்வையில்லாமல் எப்படியோ சொல்லி முடித்தாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். உடனே திரும்பவும் கழற்றினார்.

"என் முதுகுக்குப் பின்னாடி எல்லாரும் என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "குறை சொன்னதுக்கு நன்றின்னு ஒருத்தர் மாடி ஏறி வந்து சொன்னது இதுதான் முதல் தடவை."

"குறைன்னு யார் சொன்னது மேடம். நீங்க விட்டுட்டுப் போகல. அதுதான் எனக்குப் பெரிசு."

டீ போட்டுக் கொடுத்தார் மேடம். அவளுக்கு அதில் சூடும் இனிப்பும்தான் தெரிந்தன. ஆனாலும் வெகுநாளைக்குப் பிறகு ஒரு டம்ளரை அவசரப்படாமல் குடித்தாள். மேடம் அவளிடம், வாசனை போனால் உப்பு தெரியுமா, கனவில் வாசனை வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதையெல்லாம் இதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கனவில் மகளின் தலை வாசனை வந்ததை அவள் முதன்முதலாக மேடத்திடம்தான் சொன்னாள். மேடம் அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

அவள் கிளம்பியபோது மேடமும் செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. இது இந்த மாதத்தில் எத்தனையாவது தடவை தெரியுமா என்று ஆரம்பித்தவர், படி இறங்கும்போது நிறுத்தவே இல்லை. இரண்டாவது மாடியில் எரியாத விளக்கைக் காட்டினார். முதல் மாடியில் ஆடும் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். இதில் ஒரு வயதானவர் சாய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அவளும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். நிஜமாகவே ஆடியது.

கீழே வாட்ச்மேன் அவர்கள் வருவதைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து நின்றார். மேடம் லிஃப்டில் தொடங்கி விளக்கு, கைப்பிடி என்று வரிசையாகக் கேட்டார். வாட்ச்மேன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே, மேடத்தின் தோளுக்கு மேலாகக் கேன் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். இதிலிருந்து என்னைக் காப்பாற்றக் கூடாதா என்ற பார்வை அது. போன மாதம் வரை அவளும் அந்தப் பார்வைக்குச் சிரித்திருப்பாள்.

அவள் மேடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"மேடம் சொல்றது சரிதாண்ணே," என்றாள். "கைப்பிடி நிஜமாவே ஆடுது. நானே பாத்தேன். வாங்க, நீங்களும் வந்து பாருங்க."